கருஞ்சாம்பல் சுவரும் கிழக்கு பார்த்த மாப்பிள்ளையும்

செம்பூரில் புதிதாகப் பெயிண்ட் கடை திறந்திருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். தமிழ்ச் சங்க மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று பேச்சைத் தொடங்கி, "டார்க் கிரேக்கு எந்தக் கலர் சார் மேட்ச் ஆகும்?" என்று முடித்தார். இப்போது வீடுகளில் அந்த நிறம்தான் நாகரிகமாம். வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் வந்திருக்கிறதாம்.

உத்தியோக காலம் முழுவதும் அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். "சந்தனம்" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்லப்படும் எதையும் நிபுணத்துவம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் தத்துவத்தில் பி.ஏ. முடித்து, அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை பூமியில் எங்கும் கிடையாது என்று தெரிந்துகொண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் பம்பாய் வந்தேன். மாதுங்காவில் மெஸ் சாப்பாடு. கோட்டைப் பகுதியில் ஒரு வீட்டு அலங்காரக் கம்பெனியில் எஸ்டிமேட் குமாஸ்தா வேலை. தொழிலில் முதலில் கற்றது மூன்று விஷயங்கள்தான். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலே எதையும் அடிக்கக் கூடாது. சுவரில் பூசிய பட்டி காயாமல் உப்புத்தாள் போடக் கூடாது. வீட்டுக்காரர் "உங்க இஷ்டம்" என்று சொன்னால் அன்றைக்கு வேலையைத் தொடங்கவே கூடாது. மற்றதையெல்லாம் இவற்றிலிருந்தே ஊகித்துக்கொண்டேன்.

என் மேலதிகாரி நாகநாதய்யர். பஞ்சகச்சம், மேலே கறுப்புக் கோட், நெற்றியில் விபூதி, கக்கத்தில் ஒரு மடக்கு ஸ்டூல். சுவரை அவர் நேராகப் பார்க்க மாட்டார். அறை நடுவில் ஸ்டூலைப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மழை, ரயில் என்று வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்பார். எதிர்பாராத ஒரு வினாடியில் சடக்கென்று திரும்புவார்.

"சுவர் நம்மை எதிர்பாத்துண்டிருக்கறச்சே பார்க்கப்படாது" என்பது அவர் சித்தாந்தம். "அப்போ அது நல்லவன் மாதிரி நடிக்கும்."

தனி வர்ணம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவும் அவர் நம்பவில்லை. வாடிக்கையாளர் யாராவது "பச்சை அடிக்கலாம்னு இருக்கேன்" என்றால், "யாரோட?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் எங்கள் சேட் துறைமுக ஏலத்துக்குப் போய் டிரம்கள் வாங்கி வந்தார். அவருக்கு வேண்டியது டிரம்தான்; தண்ணீர் பிடித்து வைக்க அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆனால் எல்லா டிரம்மிலும் போர்க்கப்பலுக்கு அடிக்கும் கருஞ்சாம்பல் பெயிண்ட் விளிம்பு வரை இருந்தது. ஏலக்காரர்கள் அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளவும் சம்மதிக்கவில்லை.

"காலி கரோ" என்று சேட் உத்தரவிட்டார். கொட்டிவிடச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். நாகநாதய்யர் காதைப் பொத்திக்கொண்டார். "வர்ணத்தைக் கொட்டறதா? பம்பாயிலே இத்தனை சுவர் இருக்கறச்சே?"

இப்படித்தான் கருஞ்சாம்பல் குடும்பங்களுக்குள் நுழைந்தது. முதல் வேலையாக நாகநாதய்யர் கோடவுன் சுவரில் அந்த நிறத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நிறமாக அடித்துப் பார்த்தார். வெள்ளையோடு சேர்த்தால் ஆஸ்பத்திரி. செங்கல் சிவப்போடு சேர்த்தால் ரயில்வே ஸ்டேஷன். வெளிர்பச்சையோடு சேர்த்தால் சர்க்கார் ஆபீஸ். அதற்கு முன்னால் நின்ற எங்கள் பியூன் தன்னையறியாமல் க்யூவில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டான். வெளிர்நீலத்தோடு சேர்த்து வடாலாவில் ஒரு வக்கீல் வீட்டுக்கு அடித்தோம். அங்கே தங்க வந்திருந்த வக்கீலின் மாமியாருக்கு மறுநாளே தலைசுற்றல். படுத்தபடியே "எப்போ கரை சேருவோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், வாரம் முடிவதற்குள் ஊருக்கு வண்டி ஏறிவிட்டார். சுவரை மாற்றித் தருகிறோம் என்று போனோம். வக்கீல் எங்களை வாசலிலேயே தடுத்து, காப்பி கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் தேறியது சந்தனம்தான். அறையில் ஒரே ஒரு சுவர் கருஞ்சாம்பல். மற்ற மூன்றும் வெளிர்சந்தனம். பித்தளை விளக்கோ கண்ணாடியோ ஏதாவது ஒன்று மின்ன வேண்டும். கடுகு மஞ்சளும் நன்றாகத்தான் இருக்கும், வெயில் தாராளமாக வரும் அறையாக இருந்தால். வெயில் வராத அறையில் அது சீக்காளியின் முகம்போல் ஆகிவிடும். இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதில் இதோடு முடிந்தது. ஆனால் கல்யாணராமன் வீட்டு வேலையைச் சொல்லாமல் இந்தப் பதிலை நம்பி யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது.

கல்யாணராமன் மாதுங்காவாசி, ரயில்வேயில் கணக்கர். ஆவணி மாதம் ஒரு நாள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

"எங்காத்து ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கணும்."

"என்ன வர்ணம்?" என்றார் நாகநாதய்யர்.

"எதுவானாலும் சரி. பொண்ணு செவப்பாத் தெரியணும்."

இதைக் கேட்டு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நாகநாதய்யர் சற்றும் அசரவில்லை. "பொண்ணு என்ன ஷேடு?" என்று கேட்டார்.

கல்யாணராமன் கூரையைப் பார்த்து யோசித்தார். "டிகாக்ஷன்லே கொஞ்சம் பால் விட்டா மாதிரி."

"எவ்வளவு பால்?"

"கறவை வத்தின சமயத்துப் பால்னு வெச்சுக்கோங்கோ."

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். பெண் ஜயா பி.ஏ. படித்தவள், கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். இதுவரை நாலு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். நாலு பேரும் வீட்டுக்குப் போய், ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் போதவில்லை என்று கடிதம் போட்டார்கள். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அதே ஜாதகம் பொருந்தியிருந்தது. இப்போது வடாலாவிலிருந்து ஒரு வரன் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறது. பையனுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. இதுவும் தப்பினால் பாலக்காட்டில் உறவில் ஒருவர் காத்திருக்கிறார். சொந்தமாக மாவு மில், மூன்று குழந்தைகள். ஜயா இரண்டாம் தாரம்.

"பொண்ணு என்ன சொல்றா? அழறாளா?" என்று கேட்டேன்.

"அழல்லை. அதான் பயமா இருக்கு."

மறுநாள் மாதிரிப் பட்டை அடிக்கப் போனோம். மாதிரிப் பட்டையைக் காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது விதி. இந்தத் தடவை பட்டைக்கு முன்னால் ஜயாவும் உட்கார வேண்டியிருந்தது. மேற்குச் சுவரில் நாலு பட்டைகள் அடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவளை நாற்காலியில் உட்கார வைத்தோம். நாகநாதய்யர் அவளுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து துறைமுக வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசினார்.

"யார்கிட்ட பேசறார்?" என்று ஜயா என்னைக் கேட்டாள்.

"உங்ககிட்டதான். கொஞ்ச நேரத்துலே திரும்புவார்."

"திரும்பினா?"

"சாதாரணமா இருங்கோ. எதிர்பாக்கப்படாது."

"பொண் பாக்க வரவாளும் இப்படியே முதுகைக் காட்டிண்டு உட்கார்ந்தா எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்" என்றாள்.

நாகநாதய்யர் சடக்கென்று திரும்பினார். ஜயா அசையாமல் இருந்தாள். "கருஞ்சாம்பல்" என்றார் அவர். "ரெண்டு ஷேடு ஏறியிருக்கு. பின்னாடி கறுத்தா முன்னாடி வெளுக்கும்."

அவர் விளக்கைப் பார்க்கப் போனதும் நான் அவளிடம் கேட்டேன், இதெல்லாம் கஷ்டமாக இல்லையா என்று.

"மில் மாமாவை நீங்க பார்த்ததில்லையே" என்றாள். "மீசை, வேஷ்டி, புருவம் எல்லாம் மாவு. தும்மினா ஒரு படி பறக்கும். அங்கே போனா நான் இன்னும் கறுப்பாத் தெரிவேன், அது வேற. எனக்கு பம்பாய் வேணும், டைப்ரைட்டர் வேணும். அதுக்கு ஒரு மணி நேரம் சுவத்துக்கு முன்னாடி உட்காரணும்னா உட்கார்ந்துட்டுப் போறேன்."

ஜயாவின் அம்மாவுக்குத்தான் நிறம் பிடிக்கவில்லை. "சுப காரியம் நடக்கற ஆத்துலே சாம்பல் சுவரா?"

"நெத்தியிலே இட்டுக்கறதும் சாம்பல்தானே மாமி?" என்றார் நாகநாதய்யர்.

"நெத்தியிலே நாலு விரக்கடை. நீங்க ஹால் பூராவுமில்லே இடறேள்!"

வேலையை ஏற்றுக்கொண்ட பெயிண்டர் தாராவி சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரன், கை வேகமும் வாய் வேகமும் சமமாக உள்ளவன். டிரம்மைத் திறந்ததுமே, "சார், பொண்ணு பாக்க வாறாவளா, இல்ல சண்டைக்கு வாறாவளா? கப்பலுக்குள்ளல்லா உக்கார வைக்கியோ!" என்றான். சுவர் காய்ந்துவிட்டதா என்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வான். பல வருஷம் உப்புத்தாள் பிடித்த விரல் அது. அந்த விரலுக்கு மழைநீர்கூடக் காய்ந்ததாகவே தெரியும். அதனால் நான் என் புறங்கையால் சோதிப்பது வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் சோதித்தேன். சுவர் காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிப் பரிசோதனைக்கு நானும் நாகநாதய்யரும் போனபோது, கருஞ்சாம்பல் சுவரின் குறுக்கே, நாற்காலியில் உட்கார்ந்தவர் தோள் உயரத்தில், மஞ்சளும் குங்குமமுமாக வரிசையாகப் பொட்டுகள் இருந்தன. சாம்பல் தோஷம் போக ஜயாவின் அம்மா விடியற்காலையில் வைத்தவை.

நாகநாதய்யர் ஸ்டூலைக்கூட விரிக்கவில்லை. "ஆயுத பூஜை லாரி" என்று மட்டும் சொன்னார். கோலிவாடா ஸ்டேஷன் போகும் வழியில் டீ குடித்துக்கொண்டிருந்த சுடலைமுத்துவைப் பிடித்து இழுத்து வந்தேன். பொட்டுகளைத் துடைத்து, அந்தப் பட்டைக்கு மட்டும் ஒரு கோட்டிங் கொடுத்தான். ஆவணி மழைக் காற்று. கப்பல் பெயிண்ட் கடற்காற்றில் இரும்பின் மேல் காய்வதற்கென்று பிறந்தது. மாதுங்காவில் முதல் மாடி ஹாலில் அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. சுடலைமுத்து கட்டைவிரலை வைத்தான்.

"காஞ்சிட்டு சார். கல்லு மாதிரி."

நான் புறங்கையை நீட்டுவதற்குள் வாசலில் டாக்ஸி நின்றுவிட்டது. இருந்தாலும் கவலைப்படவில்லை. ஏற்பாட்டின்படி சுவருக்கு முன்னால் உட்காரப்போவது ஜயா மட்டும், அதுவும் பாயில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சுடலைமுத்து பின்கட்டு வழியாக இறங்கிப் போனான். நாகநாதய்யர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் கல்யாணராமனின் சித்தப்பா பேரனாக நியமிக்கப்பட்டு, காப்பித் தட்டை ஏந்திக்கொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். பையன் ராமநாதன், வெள்ளைக் கோட் போட்டவன். அவன் அப்பா, நல்ல ஆகிருதி, பட்டு ஜிப்பா. அம்மா, மாம்பழ நிறப் பட்டுப் புடவை. மூவரும் உள்ளே வந்ததும் கல்யாணராமன் இரண்டு கையையும் குவித்து, "வாங்கோ, வாங்கோ" என்றார். இருபது வருஷமாக வீட்டுக்கு வந்த மனிதர்களை மரியாதையாக உட்கார வைத்தவர் அவர். வாய் ஒன்று சொல்லும்போதே கை தானாக நாற்காலிகளை மேற்குச் சுவரை ஒட்டி இழுத்துப் போட்டது.

"மாப்பிள்ளை கிழக்கே பார்த்து உட்காரணும். இப்படி வாங்கோ. நன்னா சாஞ்சுக்கோங்கோ."

காலை வெளிச்சம், மாலை வெளிச்சம், விளக்கு வெளிச்சம் என்று எல்லாவற்றையும் பார்த்தோமே தவிர, திசையை நாங்கள் பார்க்கவில்லை. கருஞ்சாம்பலுக்கு முன்னால் மூவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த வினாடியே மூவரும் ஜொலித்தார்கள். பையன் ஏதோ சமஸ்தானத்து இளவரசன்போல் இருந்தான். ஜயாவுக்கு மிஞ்சியது எதிர்ப்புறத்துச் சந்தனச் சுவர். அதற்கு முன்னால் பாயில் வந்து உட்கார்ந்தபோது, அவள் கல்யாணராமன் சொன்ன பாலும் விடாத டிகாக்ஷனாக இருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து நாகநாதய்யர் முனகுவது எனக்குக் கேட்டது.

ஜயாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி பதித்த பீரோ. பையனின் அம்மா கண்ணெடுக்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைத்தான் இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் என்று கல்யாணராமன் பூரித்துப்போனார். காப்பி கொடுக்கக் குனிந்தபோது நானும் அந்தத் திசையில் பார்த்தேன். மாமி பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் தன்னை.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் முடிந்தன. "பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்று பையனின் அப்பா சம்பிரதாயத்துக்குச் சொன்னார். இதற்கு எந்தப் பெண்ணும் எதுவும் கேட்பதில்லை.

"அவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்கோ" என்றாள் ஜயா.

"எதுக்கு?"

"வெளிச்சத்துலே பாக்கணும்."

ராமநாதன் சிரித்துக்கொண்டே எழுந்தான். எழுந்தபோது துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நாலடி நடந்து வந்து சந்தனச் சுவருக்கு முன்னால் நின்றான். சமஸ்தானம் போய்விட்டது.

"எப்படி இருக்கேன்?"

"என்னை மாதிரித்தான் இருக்கேள்" என்றாள் ஜயா.

அவன் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முதுகை எல்லோரும் பார்த்தோம். வெள்ளைக் கோட்டின் குறுக்கே, தோளிலிருந்து தோள் வரை, அழகான கருஞ்சாம்பல் பட்டை. "ஐயோ, கோட்டு!" என்று எழுந்த அவன் அம்மா, கண்ணாடியில் தன் முதுகையும் பார்த்துவிட்டார். மாம்பழப் பட்டில் கருஞ்சாம்பல். அவர் கணவர் எழுந்திருக்கவே இல்லை. முன்னால் சாய்ந்து பார்த்தார், வரவில்லை. நானும் கல்யாணராமனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்தோம்.

"கிளம்புங்கோ" என்றார் மாமி. "இப்பவே கிளம்புங்கோ. பொண் பாக்க வந்தவாளுக்குத் தார் பூசறாளே, இது என்ன குடும்பம்!"

கல்யாணராமன் வெளிறிப் போனார். ஜயா பாயைவிட்டு எழவில்லை. அவள் கண்ணில் மாவு பறப்பதை நான் பார்த்தேன்.

சமையலறைக் கதவு திறந்தது. நாகநாதய்யர் ஒரு கையில் டர்ப்பன்டைன் பாட்டிலும் மறு கையில் பஞ்சுமாக வெளியே வந்தார்.

"யாரும் கையால தொடாதேங்கோ. தேய்ச்சா பரவும். ஒத்தி எடுக்கணும்."

"இவர் யாரு?" என்றார் பையனின் அப்பா.

"இவர்... எங்க பெரியப்பா" என்றார் கல்யாணராமன், தன்னைவிட இரண்டு வயது இளையவரைப் பார்த்து.

அந்த மாதிரி நேரத்தில் செய்முறை தெரிந்தவன் குரலுக்குத்தான் மரியாதை. பையனின் அம்மாவை ஜயாவின் அம்மா உள்ளே அழைத்துப்போய் வேறு புடவை கொடுத்தாள். ஆண்கள் இருவரையும் சந்தனச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தோம். அப்பாவின் ஜிப்பாவை நான் ஒற்றினேன். பெரியப்பா கட்டளையிட்டார். பையனின் முதுகுக்கு ஆள் போதவில்லை. ஜயா பஞ்சை எடுத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவன் பெண்ணுக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு பேச ஆரம்பித்தான்.

"ஆத்துக்குப் போய்க் கடிதாசு போடறோம்னு சொல்லணும்னு அம்மா சொல்லிக் கொடுத்திருக்கா."

"போடுங்கோ. ஜாதகம் பொருந்தல்லைன்னுதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலு கடிதாசு வந்திருக்கு. ஒண்ணை டைப் அடிச்சு வெச்சுண்டா எல்லாருக்கும் உபயோகப்படும். அசையாதேங்கோ, காலர்லே இருக்கு."

அவன் தலையைக் குனிந்து காலரைக் காட்டினான். "நான் கறுப்புன்னு இதுவரைக்கும் யாருமே எங்கிட்ட சொன்னதில்லை" என்றான்.

"புருஷாளுக்கு யார் சொல்றா!"

"எனக்குச் சம்மதம்" என்று அவன் சுவரிடம் சொன்னான்.

பஞ்சு நின்றது. பிறகு மறுபடி ஒற்ற ஆரம்பித்தது.

டர்ப்பன்டைன் பட்ட துணியைக் காற்றில் உலர்த்தாமல் போடக் கூடாது என்பது உண்மையான விதி. அரை மணி போதும். நாகநாதய்யர், மத்தியானம் தாண்டும் என்றார். மூவரின் துணியையும் பால்கனிக் கொடியில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பையனின் அப்பா இரவல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார், சுவரைவிட்டு வெகு தூரத்தில். பையனின் அம்மா, ஜயா அம்மாவின் பழைய கட்டம் போட்ட புடவையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சமையலறையில் சாம்பார் கொதித்தது. பிறகு எரிசேரிக்குத் தேங்காய் வறுபடும் வாசனை வந்தது. டர்ப்பன்டைன் நெடி மெல்ல மெல்லத் தோற்றுக்கொண்டிருந்தது. நிச்சயமாகாத வீட்டில் பிள்ளை வீட்டார் கை நனைப்பதில்லை. சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி வரைக்கும் உண்டு, இலை கிடையாது. பையனின் அப்பா ஒருமுறை சமையலறையைப் பார்த்தார்; ஒருமுறை பால்கனியைப் பார்த்தார்.

"ஏன் சார், காஞ்சுதா?"

நாகநாதய்யர் ஜிப்பாவைத் தொட்டுப் பார்த்தார். கொடியில் அது அப்பளம்போல் விறைத்திருந்தது. "ஈரம் இருக்கு" என்றார்.

உள்ளே ஜயாவின் அம்மா கடுகு தாளித்தாள். அந்தச் சத்தத்தில் பையனின் அப்பா துண்டை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஏண்டி, என்ன சொல்றே?"

"ஆத்துக்குப் போய் யோசிச்சுக் கடிதாசு போடலாம்" என்றார் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஆத்துக்கு எப்போ போறது? டேய் ராமநாதா, நீ என்ன சொல்றே?"

"அப்பவே சம்மதம்னு சொல்லிட்டேனேப்பா."

"யார்கிட்டடா?"

"சுவத்துக்கிட்ட."

"பொண்ணு கறுப்பு" என்றார் அம்மா.

"நானும்தாம்மா."

"யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன் மாமி" என்றாள் ஜயா. மாமி திரும்பினார். வந்ததிலிருந்து அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தது அப்போதுதான். ஜயாவின் விரலெல்லாம் கருஞ்சாம்பலாக இருந்தது. "இன்னொண்ணும் சொல்லணும். கல்யாணத்துக்கப்புறமும் நான் ஆபீஸ் போவேன்."

"போயேம்மா, யார் வேண்டாம்னா!" என்றார் பையனின் அப்பா, மணையை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு. "எங்காத்துப் பொண்ணு நீ. முதல்லே பருப்பைப் போடச் சொல்லு."

கல்யாணராமன் வெற்றிலைத் தட்டைத் தேடி ஓடினார். அவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் இலை விழுந்துவிட்டது. அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பையனின் அம்மா மட்டும் பரிமாறிய இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்தபடி இருந்தார். சாம்பாருக்கு அசையவில்லை. அவியலுக்கும் அசையவில்லை. பிறகு ஜயா வந்து குனிந்து எரிசேரி போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்லி, மாமி இலையில் கை வைத்தார்.